நல்ல விரிவுரையாளரை அடையாளம் காட்டுவது யார்? பல்கலைக்கழகக் கற்பித்தல், சேவை விருதுகள் குறித்த ஒரு விளக்கம்

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் மேடையில் விருது பெறும் படத்தை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். நம்மவர் என்றால் மகிழ்ச்சியோடு புலனத்தில் பகிர்கிறோம். ஆனால் அது எதற்கான விருது, யார் தேர்ந்தெடுத்தார்கள், அதில் மாணவர்களின் பங்கு என்ன என்பது பலருக்கும் தெரிவதில்லை. குறிப்பாக, வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நல்ல ஆசிரியர்கள் அடையாளம் காணப்படுவதில் அந்தப் பிள்ளைகளின் வார்த்தைக்கும் இடம் உண்டு.

விரிவுரையாளரின் மூன்று கடமைகள்

பல்கலைக்கழகக் கல்வியாளரின் வேலை பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது கற்பித்தல். இரண்டாவது ஆய்வு. மூன்றாவது சேவை.

கற்பித்தல் என்பதில் விரிவுரை மட்டுமன்றி, சிறு குழு வகுப்பு, ஆய்வுக்கூடப் பயிற்சி, தேர்வுத்தாள் தயாரிப்பு, மாணவர் ஆய்வேட்டை மேற்பார்வை செய்தல் ஆகியனவும் அடங்கும். ஆய்வு என்பது புதிய அறிவைத் தேடி, அதைக் கட்டுரையாகவும் நூலாகவும் வெளியிடுவது. சேவை என்ற சொல் பரந்தது. துறைத் தலைவர் பொறுப்பு, பாடத்திட்டக் குழு, மாணவர் தங்கும் கல்லூரிகளின் முதல்வர் பணி, மாணவர் இயக்கங்களுக்கு ஆலோசகராக இருப்பது, பள்ளிகளிலும் பொது அமைப்புகளிலும் தம் துறை அறிவைப் பயன்படுத்துவது எல்லாம் சேவைதான்.

இவற்றில் ஆய்வை அளப்பது எளிது. எத்தனை கட்டுரைகள், எந்த இதழில், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எவ்வளவு ஆய்வு நிதி கிடைத்தது என்று எண்ணிவிடலாம். கற்பித்தலை அப்படி எண்ண முடியாது. கணக்கில் பின்தங்கிய மாணவனை மாலை ஆறு மணிவரை உட்கார வைத்து விளக்கிய நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்று கலங்கி நின்ற மாணவியிடம் பேசி, உதவித்தொகைப் பாரத்தை நிரப்ப வைத்ததும் அப்படித்தான்.

எண்ண முடிந்தது மதிக்கப்படும், எண்ண முடியாதது மறக்கப்படும் என்ற நிலை உலகெங்கும் உண்டு. கற்பித்தலுக்கென்று தனி விருதுகள் தோன்றியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உலகளவில் எப்படித் தொடங்கியது?

கனடாவில் 1986-ஆம் ஆண்டு 3எம் தேசியக் கற்பித்தல் நல்கை தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்குப் பத்துப் பேர் வரை மட்டுமே அதற்குத் தேர்வு பெற்றனர். பிரிட்டனில் தேசியக் கற்பித்தல் நல்கைத் திட்டம் 2000-ஆம் ஆண்டில் அறிமுகமானது. அமெரிக்காவில் 1981 முதல் 2015 வரை ஆண்டின் சிறந்த பேராசிரியர்களுக்கு ஒரு தேசிய விருது வழங்கப்பட்டது.

இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்த ஒரு நூல் 1990-இல் வெளிவந்தது. கல்வி மேம்பாட்டுக்கான கார்னகி அறநிறுவனத்தின் தலைவர் எர்னஸ்ட் பாயர் அதை எழுதினார். புதியன கண்டுபிடிப்பது மட்டுமே புலமை ஆகாது. பல துறை அறிவை இணைத்துப் பார்ப்பது, அறிவை மக்கள் வாழ்வில் பயன்படுத்துவது, நன்றாகக் கற்பிப்பது ஆகியனவும் புலமையே என்று அவர் வாதிட்டார். கற்பித்தலையும் சேவையையும் பதவி உயர்வின்போது கணக்கில் கொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகங்களில் பேசுவோர் இன்றும் அந்த நூலைச் சுட்டுகிறார்கள்.

மலேசியாவில் உள்ள விருதுகள்

மலேசியாவில் இத்துறையில் முதன்மையானது அனுகெரா அக்காடெமிக் நெகாரா எனப்படும் தேசியக் கல்வியாளர் விருது. உயர்கல்வி அமைச்சு இதனை 2006-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. வாழ்நாள் பங்களிப்புக்கான தேசியக் கல்விமான் விருது இதன் உச்சம். இதழ்க் கட்டுரை, நூல் வெளியீடு, புத்தாக்கம், கலைப் படைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. கற்பித்தலுக்கென்று தனிப் பிரிவு இருப்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

அதே 2006-ஆம் ஆண்டில்தான் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆய்வுக்கு முன்னுரிமை கூடிய காலத்தில் கற்பித்தலுக்கும் ஒரு தேசிய விருது கிடைத்தது.

பாடத்திட்ட வடிவமைப்பிலும் புதிய கற்பித்தல் முறையிலும் சிறந்தவர்களுக்கு உயர்கல்வி அமைச்சரின் சிறப்பு விருதும் வழங்கப்பட்டு வருகிறது. ஆக்ரி என்ற சுருக்கப் பெயரில் விரிவுரையாளர்கள் அதனைக் குறிப்பிடுவார்கள். இவை தவிர, பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள்ளேயே சிறந்த கற்பித்தல் விருது வழங்குகின்றன. தேசிய அளவில் பெயர் பெறும் பலர் முதலில் தங்கள் புலத்திலும் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய விருதைப் பெற்றவர்கள்தாம்.

சேவையைப் பொறுத்தவரை, அரசாங்க ஊழியர் குடும்பங்கள் நன்கு அறிந்த ஏபிசி எனும் சிறந்த சேவை விருது அரசாங்கப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் உண்டு. ஆண்டு மதிப்பீட்டில் சிறந்து விளங்கியவர்கள் அதைப் பெறுகிறார்கள். அதற்கும் கற்பித்தல் விருதுக்கும் வேறுபாடு உண்டு. ஏபிசி ஓர் ஊழியரின் ஓராண்டுப் பணியை மொத்தமாகப் பார்க்கிறது. கற்பித்தல் விருதோ வகுப்பறையில் அவர் பல ஆண்டுகளாகச் செய்ததைத் தனியாக எடுத்துப் பார்க்கிறது.

ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் நெடுங்காலப் பங்களிப்பைப் போற்றி அளிக்கப்படும் தகைசால் பேராசிரியர் பட்டமும் சேவைக்கான அங்கீகாரமே. எமெரிட்டஸ் பேராசிரியர் என்று செய்திகளில் வருவது இதுதான்.

பதவி உயர்வுப் பாதையிலும் மாற்றத்துக்கு வழி வகுக்கப்பட்டது. 2015-இல் வெளியிடப்பட்ட மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டம், கல்வியாளர்களை நான்கு வகையாகப் பார்த்தது. ஊக்கமூட்டும் கல்வி போதகர், தேர்ந்த ஆய்வாளர், அனுபவமிக்க தொழில்துறையாளர், மாற்றத்தை வழிநடத்தும் தலைவர் என்பன அவை. எல்லாரும் ஒரே ஏணியில் ஏற வேண்டியதில்லை, கற்பித்தலில் சிறந்தவர் அந்த வழியிலேயே உயரலாம் என்பது அதன் நோக்கம்.

சிங்கப்பூரில் எப்படி?

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பல்கலைக்கழக வரலாறு ஒன்றாகத் தொடங்கியது. 1949-இல் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்துச் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1962-இல் கோலாலம்பூர்ப் பிரிவும் சிங்கப்பூர்ப் பிரிவும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின.

அந்த மரபில் வந்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஆண்டுதோறும் கற்பித்தல் சிறப்பு விருது வழங்குகிறது. இதை மூன்று முறை வென்றவர்களின் பெயர் தனிச் சிறப்புப் பட்டியலில் இடம்பெறும். தலைசிறந்த கல்வியாளர் விருது என்பது கற்பித்தலுக்காக அந்தப் பல்கலைக்கழகம் தரும் உயரிய அங்கீகாரம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் கல்வி விருது என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு உண்டு.

பள்ளி அளவில் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான நல்லாசிரியர் விருது 2002 முதல் வழங்கப்படுகிறது. தமிழ் முரசு நாளிதழ், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம், தமிழ் மொழி கற்றல் வளர்ச்சிக் குழு ஆகியவை இணைந்து அதை நடத்துகின்றன. மாணவரும் பெற்றோரும் ஆசிரியரை முன்மொழியலாம் என்பது அதன் சிறப்பு. பல்கலைக்கழக விருதுகளுக்கும் மாணவர் குரல் தேவை என்பதைப் புரிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

தேர்வு எப்படி நடக்கிறது?

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் பெரும்பாலான கற்பித்தல் விருதுகளில் நான்கு வகைச் சான்றுகள் கேட்கப்படுகின்றன.

ஒன்று, மாணவர் மதிப்பீடு. ஒவ்வொரு பருவ முடிவிலும் மாணவர்கள் இணையத்தில் நிரப்பும் பாரம் இது. புள்ளிகள் கொடுப்பதற்கும், கருத்து எழுதுவதற்கும் அதில் இடம் இருக்கும்.

இரண்டு, சக விரிவுரையாளர்களின் மதிப்பீடு. அதே துறையில் அனுபவமுள்ள ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தோ, பாடப்பொருள்களைப் படித்துப் பார்த்தோ அறிக்கை தருவார்.

மூன்று, கற்பித்தல் கோப்பு. விரிவுரையாளரே தயாரிப்பது. தாம் எப்படிக் கற்பிக்கிறார், ஏன் அப்படிக் கற்பிக்கிறார், எது தோற்றது, அதை எப்படி மாற்றினார், மாணவர்களிடம் என்ன முன்னேற்றம் தெரிந்தது என்பதை ஆவணங்களோடு காட்ட வேண்டும்.

நான்கு, ஆதரவுக் கடிதங்கள். இந்நாள் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், தொழில்துறையினர் ஆகியோர் எழுதுவது.

இந்தச் சான்றுகளை ஒரு குழு ஆராயும். சில விருதுகளுக்கு நேர்காணலும் உண்டு. நான்கு சான்றுகளில் இரண்டு மாணவர்களிடமிருந்து வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு

மாணவர் மதிப்பீட்டை மட்டும் நம்புவது ஆபத்து. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. எளிதாகப் புள்ளி கொடுப்பவருக்கு நல்ல மதிப்பீடு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஒரே அளவு திறமையிருந்தும் பெண் விரிவுரையாளர்களுக்கும், வேறு உச்சரிப்பில் பேசுபவர்களுக்கும் சில இடங்களில் குறைந்த மதிப்பீடு கிடைத்துள்ளது. கண்டிப்பான ஆசிரியரின் அருமை படிக்கும்போது தெரியாமல், வேலைக்குச் சென்ற பிறகே தெரிவதும் உண்டு. அதனால்தான் முன்னாள் மாணவர் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கோப்பு தயாரிப்பதும் ஒரு தனித் திறமை. வகுப்பில் சிறந்தவர் எல்லாரும் தம்மைப் பற்றி எழுதுவதில் சிறந்தவர்களாக இருப்பதில்லை. தன் பெயரைத் தானே முன்வைக்கத் தயங்கும் ஆசிரியர், எத்தனை நல்லவராக இருந்தாலும், யாரும் முன்மொழியாவிட்டால் பட்டியலுக்கே வரமாட்டார். ஒப்பந்த அடிப்படையில் பருவத்துக்குப் பருவம் வேலை பார்க்கும் விரிவுரையாளர்களின் நிலையும் கடினமானது. பல ஆண்டுச் சான்று கேட்கும் விருதுக்கு அவர்களால் எளிதில் தகுதி பெற முடியாது.

இன்னொரு குறை, விருது ஒருவருக்குப் போவதும் வேலை பலர் செய்வதும். ஆய்வுக்கூட உதவியாளரும், சிறு குழு வகுப்பு நடத்தும் இளையவரும் இல்லாமல் எந்தப் பெரிய வகுப்பும் நடப்பதில்லை. பிரிட்டன் 2016-இல் குழுக்களுக்கென்று தனி விருதைத் தொடங்கியதன் பின்னணி இதுதான்.

விருது இல்லாத காலத்தில்

கற்பித்தல் விருதுகள் இந்நாட்டில் புதியவை. அதற்கு முன் பணியாற்றியவர்களை அவர்கள் விட்டுச் சென்றதைக் கொண்டே அளக்க வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. 1961-இல் அதன் பேராசிரியராக வந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பின் கோலாலம்பூர் வந்தார். அவரது முயற்சியால் 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பெரும்பாலான தமிழர்கள் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நாட்டில், தமிழை உலக அறிஞர்கள் கூடிப் பேசும் ஆய்வுப் பொருளாக அவர் கொண்டு வந்தார். இன்றைய கணக்கில் பார்த்தால் அது கற்பித்தல், ஆய்வு, சேவை மூன்றும் சேர்ந்த பணி.

சேவை என்ற சொல்லுக்கு இன்னொரு சான்று அரச பேராசிரியர் உங்கு அஜிஸ். பொருளியல் அறிஞரான அவர் 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1978-இல் அரச பேராசிரியர் எனும் தகுதி பெற்றார். கிராமத்து ஏழ்மையை அளக்க, ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர். ஹஜ் பயணத்துக்கு மக்கள் வட்டியின்றிச் சேமிக்கும் திட்டத்தை 1959-இல் முன்வைத்தார். தாபோங் ஹாஜி அதிலிருந்து வளர்ந்தது. கூட்டுறவு இயக்கத்துக்கும் அவர் ஆற்றிய பணி பெரியது. மெர்டேக்கா விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 2008-இல் கல்வி, சமூகப் பிரிவில் அவர் கௌரவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 86. 2020 டிசம்பரில் காலமானார்.

மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் செய்யக்கூடியவை

யூ.பி.யூ. விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கடன், தங்கும் விடுதி என்று ஓடும் குடும்பத்துக்கு விரிவுரையாளர் விருதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. ஆனால் மாணவர் செய்ய வேண்டியது மிகச் சிறியது.

முதலில், பருவ முடிவு மதிப்பீட்டுப் பாரத்தை அக்கறையோடு நிரப்ப வேண்டும். பல மாணவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஒரே புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கருத்து எழுதும் இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். அந்த இடத்தில்தான் ஒரு நல்ல விரிவுரையாளருக்குச் சான்று பிறக்கிறது.

இரண்டாவது, குறிப்பாக எழுத வேண்டும். “சார் நல்லா சொல்லிக் கொடுப்பாரு” என்ற ஒரு வரி குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. எந்தப் பாடம் புரியவில்லை, அவர் அதை எப்படி விளக்கினார், அதன்பின் என்ன மாறியது என்று மூன்று நான்கு வரிகள் எழுதினால் போதும். குறை இருந்தாலும் அதே முறையில் எழுதலாம். தாக்கிப் பேசாமல், எது சரியில்லை, எப்படி மாற்றலாம் என்று சொன்னால் நல்ல ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, முன்னாள் மாணவர்கள் கடிதம் எழுதலாம். வேலைக்குப் போய் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து, எந்த விரிவுரையாளர் தம் வாழ்க்கையை மாற்றினார் என்று எண்ணிப் பார்த்து, அவருக்கும் அவருடைய புலத் தலைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். விருதுக் கோப்பில் அது இடம்பெறலாம். விருது கிடைக்காவிட்டாலும், பதவி உயர்வு, ஒப்பந்த நீட்டிப்பு போன்ற நேரங்களில் அத்தகைய கடிதம் துணை நிற்கும்.

நான்காவது, மாணவர் நேரடியாக முன்மொழியும் விருது இருக்கிறதா என்று மாணவர் விவகாரப் பிரிவிலோ, கற்பித்தல் மேம்பாட்டு மையத்திலோ கேட்டுப் பார்க்கலாம். தமிழ் மாணவர் அமைப்புகள் இத்தகவலைத் தங்கள் உறுப்பினர்களுக்குப் பகிரலாம்.

பெற்றோருக்கும் ஒரு குறிப்பு உண்டு. பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும்போது உலகத் தரவரிசையை மட்டும் பார்க்க வேண்டாம். அத்தரவரிசைகளில் ஆய்வுக்கும் நற்பெயருக்கும் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் எத்தனை மாணவர்கள், சிறு குழு வகுப்புகள் உண்டா, விரிவுரையாளரைச் சந்திக்க வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பனவற்றையும் அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் கேட்க வேண்டும். துறையில் கற்பித்தல் விருது பெற்றவர்கள் இருந்தால் அதுவும் ஒரு நல்ல அறிகுறி.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு ஆசிரியரைப் பல ஆண்டு கழித்தும் தேடிச் சென்று மாலை அணிவிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பல்கலைக்கழகத்தில் கைதூக்கிவிட்டவரைப் பட்டமளிப்பு விழாப் படத்தோடு மறந்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே துறைக்கு வரும் இன்னொரு தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த விரிவுரையாளர் கிடைக்க வேண்டுமானால், அவருடைய வேலை மதிக்கப்பட வேண்டும். பருவ முடிவில் பாரம் வரும்போது பத்து நிமிடம் ஒதுக்கி எழுதுவது அதற்கான முதல் படி.